பூனை தின்ற இறால்

நாங்கள் எழுதிய மென்பொருளின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெயருக்காக ஒரு வக்கீல் நோட்டீசும், ஒரு வேலைநிறுத்தமும், ஒரு போலீஸ்காரரின் அரை நாளும் செலவாகியிருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு அதைச் சும்மா அச்சில் ஏற்றி, யாராவது எனக்கே நோட்டீஸ் அனுப்பினால் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. பூனை என்று சொல்கிறேன். கொச்சியில், தோப்பும்படிப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பூனை என்றது அதன் சின்னத்தை வைத்து. தராசுத் தட்டில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும், ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. வரைந்தது நான்தான். வாடிக்கையாளர் யாரும் வராத ஒரு மழைக்கால மதியத்தில், நான் வேலை பார்த்த கடையின் கம்ப்யூட்டரில் மவுஸை உருட்டி உருட்டி வரைந்தேன். புலி வரையத்தான் தொடங்கினேன். மீசை வரைக்கும் புலிதான். அதற்கப்புறம் கை ஓடியபடி ஓடிவிட்டது.

திறந்த மூல மென்பொருளுக்கு வணிகக்குறி எதற்கு, அதை யாரிடமிருந்து எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நானும் உட்கார்ந்து படித்தேன். ஒருவர்கூட இறாலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை. அம்மா தோப்பும்படியில் ஒரு பீலிங் ஷெட்டுக்கு இறால் உரிக்கப் போவாள். அங்கே அதற்குக் கிள்ளல் என்று பெயர். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை உருவி, பேசினில் போட வேண்டும். பேசின் நிறைந்ததும் எடை போடுவார்கள். எடைக்குத்தான் கூலி. நான் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தேன். தமிழ் எழுத்தை சினிமா போஸ்டர் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் என் தமிழில் கொஞ்சம் பசை வாடை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடியறையில் கம்ப்யூட்டர் படித்தேன். கீபோர்டில் கை வைத்தால் தும்மல் வரும். படிப்பு முடிந்து ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் மாஷ் வந்து சேர்ந்தார். டியூட்டோரியல் கல்லூரியில் கணக்கு வாத்தியார். எங்கள் ஊரில் வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்களுக்குச் சாமி வருவதுபோல் அவருக்குக் கட்டற்ற மென்பொருள் வந்திருந்தது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளைப் பற்றிப் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். மென்பொருளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது அவருடைய வேதம். எனக்கு வேதம் எதுவும் இல்லை. வேலை முடிந்த பிறகு கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பேருமாக மாலை நேரங்களில் எழுதினோம். மின்சாரத் தராசிலிருந்து கேபிள் வழியாக எடையை வாங்கி, சாக்கின் எடையைக் கழித்து, சீட்டு அச்சடித்துக் கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருள். ஜூ டவுன் என்கிற பழைய யூதத் தெருவில் மிளகுக் கிடங்கு ஒன்றில் முதலில் போட்டோம். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சீட்டின் அடியில் எங்கள் பெயரும் பூனையும் வரும். பெயரையும் படத்தையும் வணிகக்குறியாகப் பதிவு செய்ய மாஷ் சென்னைக்கு விண்ணப்பமும் போட்டார். கட்டற்றதுக்கு எதற்கு மாஷே கட்டு என்று கேட்டேன். அவர் அரை மணி நேரம் பதில் சொன்னார். எனக்குப் பஸ் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் வாசகசாலையில் மாஷ் கூட்டம் போட்டார். "எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து பாருங்கள். உங்கள் தேவைக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுங்கள்" என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். துணிப்பையிலிருந்து சி.டி.க்களை எடுத்துப் பிரசாதம் மாதிரி கொடுத்தார். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் அம்மாவின் பீலிங் ஷெட் முதலாளியும் ஒருவர். மாஷ் சொன்னதை இந்தப் பூமியில் அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்த ஒரே ஆத்மா அவர்தான்.

கொஞ்ச நாளில் ஷெட்டில் புதுத் தராசு வந்தது, பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தது, பெண்களுக்கு எடைச் சீட்டு வந்தது. சீட்டின் அடியில் பூனை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலேயே ஒவ்வொருத்தியிடமும் காட்டியிருக்கிறாள்: "இந்தப் பூனை என் மோளு வரைஞ்சதாக்கும்." குழாய்க்குப் பக்கத்து மேசையில், எல்லாருக்கும் நடுவில் அவள் இடம். அந்த வாரம் அந்த இடத்திலிருந்து வேறு பேச்சே எழும்பவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஷெட்டில் ஒரு சேச்சி இருந்தாள். தொழிலாளர் சங்கத்தின் ஷெட் கமிட்டிக்குக் கன்வீனர். வாய் திறந்தால் ஹார்பர் வரைக்கும் கேட்கும். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதே கை, அதே பேசின், அதே நேரம், ஆனால் புதுத் தராசு வந்த பிறகு கூலி மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. ஒரு நாள் கடையில் முத்திரை பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வாங்கி முந்தானையில் சுருட்டிக் கொண்டுவந்து, பேசினுக்குப் பதிலாகத் தராசில் வைத்தாள். சீட்டு வந்தது. ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ இல்லை. ஒரு நல்ல பிடி குறைந்திருந்தது. அடியில் பூனை ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஓஹோ, நம்ம செம்மீனைத் தின்னுறது இந்தப் பூச்சதானா" என்றாளாம் சேச்சி. மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால், பூச்ச என்றால் பூனை. உடனே எல்லாரும் திரும்பிப் பார்த்தது முதலாளியை இல்லை. என் அம்மாவை.

அதற்கப்புறம் நடந்ததை அம்மா என்னிடம் உடனே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பாள். ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், கப்பைக்கிழங்கும் மீனும் தட்டில் இருக்க, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்ன கேடு. உன் பூனை என்னை நாறடிச்சுப்போட்டுது."

பிறகுதான் கொட்டினாள். குழாய்ப் பக்கத்து மேசையில் அவளுக்கு இப்போது இடமில்லை. அவள் போய் நின்றால் பேசினை நகர்த்திக்கொள்கிறார்கள். கடைசியில், ஐஸ் பெட்டிக்கு அப்பால் கிடந்த கால் ஆடும் மேசையில் தனியாக நின்று கிள்ளுகிறாள். சாயா வாங்கி வருகிறவர்கள் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மகள் மெஷினில் திருடுகிறாள், அம்மாவுக்கு முதலாளி தனியாகக் கொடுக்கிறான் என்று பேச்சு. "எத்தனை வருஷமா ஒண்ணா நிக்கிறோம், மோளே. ஒருத்திகூட என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறா" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அந்த ராத்திரியே போய் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் காயலில் போட்டிருப்பேன், ஷெட் பூட்டியிருந்தது.

மறுநாள் காலையில் நேராக முதலாளியிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். மனிதர் நாற்காலி போட்டு, சாயா வரவழைத்து, "வா மோளே, உனக்கு ஒண்ணு காட்டணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒரு ஆளை வைத்து எங்கள் மென்பொருளில் சின்ன மாற்றம் செய்திருந்தார். உரித்த இறாலில் தண்ணீர் இருக்குமல்லவா, அதற்காக ஒவ்வொரு எடையிலும் கொஞ்சம் கழித்துவிடும். கழித்ததைச் சீட்டில் காட்டாது. எந்த வரியில் மாற்றினார் என்று பெருமையாகக் காட்டினார்.

"மாஷ் சொன்னபடி செய்திருக்கேன். மாத்தினதையும் மத்தவங்களுக்குக் கொடுக்கணும்னாரு இல்லையா? இந்தா" என்று மாற்றிய நிரலை ஒரு ஃபிளாப்பியில் போட்டு என் கையில் கொடுத்தார். எங்கள் உரிமத்தை இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்த இன்னொருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சண்டை போடாமலேயே வெளியே வந்தேன். சாயா வேறு குடித்துத் தொலைத்திருந்தேன்.

மாஷ் ஃபிளாப்பியைத் திறந்து பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். மாற்றியது தப்பு என்று நாம் சொல்ல முடியாது, மாற்றலாம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார். திருடலாம் என்றும் எழுதிக் கொடுத்தோமா என்று கேட்டேன். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல உரிமத்தில் இடமில்லை என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியாகப் பேசுகிறவர்களை அடிக்க முடியாததுதான் இந்த உலகத்தின் பெரிய கஷ்டம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிரல் எல்லாருக்கும் சொந்தம், பெயரும் பூனையும் நமக்குச் சொந்தம். மாற்றியதை நம் பெயரில் ஓட்டக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

இதை அவர் எங்கள் மின்னஞ்சல் குழுவில் எழுதினார். வந்தது பாருங்கள் பதில். அதுவரை அந்தக் குழுவில் தும்மல்கூட இருக்காது. பெயருக்கு வேலி கட்டுவது சுதந்திரத்துக்கு விரோதம் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு மலையாளி மூன்று பக்கம் எழுதினார். பெயரைக் காக்காவிட்டால் நிரலே செத்துவிடும் என்று இன்னொருவர் நான்கு பக்கம் எழுதினார். பூனை ஒரு கண்ணை மூடியிருப்பதன் அரசியல் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் எல்லாவற்றையும் படித்தேன். இவர்களில் யாருடைய அம்மாவும் அன்று கால் ஆடுகிற மேசையில் தனியாக நிற்கவில்லை.

மாஷுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் தயார் செய்தார். அதிலிருந்த ஆங்கிலத்தைப் படித்தால் எனக்கே பயமாக இருந்தது. எங்கள் நற்பெயருக்கு ஏற்பட்ட ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒரு வரி. எங்கள் நற்பெயர் அன்று மூன்று மிளகுக் கிடங்கும் ஒரு பீலிங் ஷெட்டும்தான். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே முதலாளி பூனையை எடுத்துவிட்டார். பெயரையும் எடுத்துவிட்டார். அவர் பெயரையே போட்டு, பூனை இருந்த இடத்தில் ஒரு நங்கூரம் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு மாஷுக்கு ஃபோன் வேறு செய்தார்.

மாஷ் துள்ளிக் குதித்தார். குழுவில் வெற்றிச் செய்தி போட்டார். எல்லாரும் வாழ்த்தினார்கள், மூன்று பக்கம் எழுதியவர்கூட. அன்று கடையில் பழம்பொரி வாங்கிச் சாப்பிட்டோம். நான் வீட்டுக்கு ஓடி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, பூனையை எடுக்க வச்சாச்சு" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாத்தேன். நங்கூரம் வந்திருக்கு."

"இனிமேல் உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எடை?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"நங்கூரமும் அதே மாதிரிதான் தின்னுது. பூனை இருந்தப்போ போய்க் கேக்கறதுக்கு நீயாவது இருந்தே. இப்போ யாரைப் போய்க் கேக்க? இன்னிக்கு சேச்சி என்ன சொன்னா தெரியுமா? உன் மோளு அவ பூச்சயை மட்டும் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாளேன்னு சொன்னா."

தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் எல்லார்மேலும் வந்தது. முதலில் கையில் கிடைத்தவர் மாஷ்.

வணிகக்குறிச் சட்டத்தால் அவ்வளவுதான் முடியும், பெயரைத் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்கலாம், மற்றது தொழிலாளர் பிரச்சினை என்றார் அவர். எங்கள் ஊரில் நோக்குகூலி என்று ஒன்று உண்டு. லாரியிலிருந்து சரக்கை நீங்களே இறக்கிக்கொண்டாலும், சும்மா நின்று பார்த்ததற்குச் சுமட்டுத் தொழிலாளிகள் கூலி கேட்பார்கள். "மாஷே, நோக்குகூலி வாங்குறவன்கூட அங்கே வந்து நின்னு பாக்குறான். நாம அதுகூடச் செய்யல. நோட்டீஸ் போட்டோம், பேரை உருவினோம், பழம்பொரி தின்னோம்" என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. குழுவில் விவாதிக்கலாம் என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நேராகப் போனது சேச்சி வீட்டுக்கு. அவள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "ஆரிது, பூச்சக்காரியா? பூச்சைக்குப் பால் வாங்க வந்தியோ?" என்றாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி எந்த வரியில் மாற்றினார், ஏன் அதை நான் தடுக்க முடியாது, பூனையை மட்டும் ஏன் எடுக்க முடிந்தது எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு பைசா போகவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ தண்ணிக்குக் கழிக்கிறான். எத்தனை நாளா நாங்க கேக்கிறோம். எங்கே கழிச்சேன், காட்டுன்னுதான் சொல்லுவான். சீட்டில அது இல்லையே."

"எங்க பூனை இருந்தா காட்டணும்."

"இருந்துச்சே. காட்டலையே."

"அது களவுப் பூனை, சேச்சி. எங்ககிட்ட கேக்காம வச்சது. பூனையை வைக்கணும்னா எங்க அனுமதி வேணும். அனுமதி கேட்டு வந்தா, கழிக்கிறதைச் சீட்டில காட்டினா மட்டும்தான் தருவேன்."

"அவன் எதுக்கு வரப்போறான் அனுமதி கேட்டு? அவனுக்குத்தான் நங்கூரம் இருக்கே."

"அவர் கேக்கமாட்டார். நீங்க கேளுங்க. பூனை இல்லாத சீட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

சேச்சி கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போயிற்று. "பூச்சைக்கு வேண்டி ஒரு சமரம். இதுவரை நான் செய்யாத சமரம் அது ஒண்ணுதான்" என்றாள்.

வணிகக்குறியை எடுக்கச் சொல்லி உலகத்தில் எத்தனையோ சண்டை நடந்திருக்கும். வைக்கச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஷெட்டின் கேட்டில்தான். காலையில் ஹார்பரிலிருந்து இறால் வந்து இறங்கி, ஐஸ் போட்டு முடிந்த பிறகு சரியாக ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. சேச்சி முழங்கினாள், மற்றவர்கள் ஏற்றுச் சொன்னார்கள்:

"எவிடெப் போயி, எவிடெப் போயி, ஞங்ஙளுடெ பூச்ச எவிடெப் போயி!"

எங்கள் பூனை எங்கே போயிற்று என்று முப்பது நாற்பது பெண்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு கேட்டால் யாருக்குத்தான் நிற்கத் தோன்றாது? பஸ் நின்றது, மீன் வண்டி நின்றது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து சைக்கிளில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி காணாமல் போன பூனைக்காக மனம் உருகிப் படம் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளதைச் சொல்லு, பூச்சயைக் கொன்னுட்டியா?" என்று கேட்டார். "சாரே, அது ஒரு படம்" என்றார் முதலாளி. போலீஸ்காரருக்கு அதில் திருப்தி இல்லை.

அம்மாவும் வந்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில், கொஞ்சம் தள்ளி நின்றாள். முழக்கம் போடும்போது அவள் உதடு மட்டும் அசைந்தது.

யாரோ சொல்லி மாஷ் வந்து சேர்ந்தார், குடையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக. முதலாளி அவர்மேல் பாய்ந்தார். "மாஷே, எடுக்கச் சொன்னதும் நீங்க. இப்போ வைக்கச் சொல்லிக் கத்துறதும் உங்க ஆளுங்க. நான் பூச்சயை எங்கே வைக்க? என் தலையிலயா?"

மாஷ் குழுவில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான் ஐஸ் பெட்டியைக் காட்டினேன். அதன் அடியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உரித்த இறாலை வாங்கிப் போகும் ஏற்றுமதிக் கம்பெனியின் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. குழுவில் மூன்று பக்கம், நான்கு பக்கம் எல்லாம் வந்து முடிவதற்குள் அத்தனை இறாலும் நாறிவிடும். மாஷுக்கு அது புரிந்தது. என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றார்.

நான் முதலாளியிடம் சொன்னேன். மென்பொருளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், அது உங்கள் சுதந்திரம். ஆனால் பூனை இருக்கிற சீட்டில், தராசு காட்டிய எடையும் வர வேண்டும், கழித்ததும் வர வேண்டும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்க்கலாம். சரியில்லை என்று ஒருத்தி சொன்னால் நான் வந்து பார்ப்பேன். சரி செய்யாவிட்டால் பூனையை எடுத்துக்கொண்டு போவேன். போகும்போது ஏன் போகிறது என்று இந்தக் கேட்டிலேயே எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவேன்.

"கம்பெனிக்காரன் என்கிட்ட தண்ணி கழிக்கிறான், மோளே. நான் யார்கிட்ட போய்க் கழிக்க?" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"கழிங்க. கழிச்சதை அச்சடிங்க."

"அச்சடிச்சா இவளுங்க என்னைச் சும்மா விடுவாளுங்களா?"

"விடமாட்டாங்க. அதுக்குத்தான் அச்சடிக்கச் சொல்றேன்."

லாரி இன்னொரு தடவை ஹார்ன் அடித்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "வை. எங்கே வேணும்னாலும் வை" என்றார். நான் உள்ளே போய் நங்கூரத்தைக் கழற்றி, எங்கள் மென்பொருளைப் போட்டு, அவர் கழிப்பதைக் கழித்துச் சீட்டிலும் காட்ட ஒரு வரி சேர்த்தேன். இத்தனை பேர் சுற்றி நின்று பார்க்க நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. சேச்சி சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தாள். சீட்டு வந்தது. முதல் வரியில் முழு ஒரு கிலோ, அடுத்த வரியில் தண்ணீர்க் கழிவு, அதற்கடுத்து மிச்சம். அவள் அந்த நடு வரியை ஹார்பருக்கே கேட்கும்படி வாசித்தாள். அந்த வரியை வைத்துக்கொண்டு சங்கம் பிற்பாடு முதலாளியோடு பேரம் பேசி, கழிவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. முழுசாக ஒழியவில்லை. சண்டை போட ஒரு எண் கிடைத்தது.

மாஷ் இதையெல்லாம் எங்கள் வணிகக்குறிக் கொள்கையாக ஆங்கிலத்தில் எழுதினார். பெயரைப் பயன்படுத்தினால் எதை மாற்றினோம் என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டும். புகார் வந்தால் பெயரை உருவிக்கொண்டு ஓடாமல், போய் நின்று சரி செய்யப் பார்க்க வேண்டும். பெயரை எடுப்பது கடைசி வேலை, முதல் வேலை இல்லை. நல்ல கொள்கைதான். இப்போது என்னை யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வெளிநாட்டு மலையாளி அதை முதிர்ச்சியான ஆவணம் என்று பாராட்டினார். தேடித் தேடிப் பார்த்தேன், அதில் ஒரு இறால்கூட இல்லை.

அன்று மதியத்துக்கு மேல் எல்லாரும் உள்ளே போய்ப் பேசினை எடுத்தார்கள். நான் கேபிளைச் சரிபார்க்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். அம்மா குழாய்ப் பக்கத்து மேசைக்குப் போகவில்லை. ஐஸ் பெட்டிக்கு அப்பால், அந்தக் கால் ஆடுகிற மேசைக்கே போய் நின்று கிள்ள ஆரம்பித்தாள். குழாய்ப் பக்கம் அவளுக்காக ஒரு இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேச்சி ஒரு கிளாஸ் சாயாவோடு அவளிடம் போனாள்.

"அக்கா, அங்கோட்டு வா. உன் இடம் அங்கேயே இருக்கு."

அம்மா கையை நிறுத்தவில்லை. ஒரு இறாலைக் கிள்ளினாள், ஓட்டைக் கழற்றினாள், பேசினில் போட்டாள்.

"பூனை தின்னுச்சுன்னு சொன்னீங்க. சரி, பூனைதானே, தின்னும்" என்றாள். கை நின்றது. "நான் தின்னேன்னு எப்படிடீ நெனச்சீங்க?"

சேச்சியின் வாயிலிருந்து சத்தம் வராமல் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சாயாவை மேசையில் வைத்தாள். திரும்பிக் குழாய்ப் பக்கம் போனாள். தன் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்து, கிள்ள ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். அந்த மேசையில் இடம் போதவில்லை. அம்மா கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.